டீஅடிக்‌ஷன் சென்டர்ல ஆளு நிக்கிறது கவுன்சலராலயா, இடத்தாலயா?

வைகைக்கரை:
வணக்கம் மக்களே. தென்மாவட்டத்துல ஒரு குடிநோய் மறுவாழ்வு மையத்துல கவுன்சலரா இருக்கேன். பேரு ஊரு கேக்காதீங்க, கவர்மெண்ட் கிராண்ட்ல ஓடுற 15 படுக்கை சென்டர், அவ்ளோதான் சொல்ல முடியும்.

பிரச்சினை என்னன்னா டீடாக்ஸ் (உடம்புல இருந்து போதையை இறக்குற முதல் கட்டம்) முடிஞ்சு கை நடுக்கம் நின்னு நாலு இட்லி உள்ள இறங்க ஆரம்பிச்ச உடனே "சார் நான் நல்லாயிட்டேன், ஊருக்குக் கெளம்புறேன்"னு வந்து நிக்குறாங்க. இருக்குறவங்களும் குரூப் கவுன்சலிங்ல சும்மா உக்காந்திருக்காங்க, ஏதாவது கேட்டா "எல்லாரும் சொன்னதுதான் சார் எனக்கும்". மேனேஜ்மெண்ட் மீட்டிங்ல எங்க மேலதான் பாய்றாங்க, நீங்க ஒழுங்கா பேசியிருந்தா அவன் ஏன் போறான்னு. நாங்க என்ன சொல்றோம்னா சம்பளம் மாசக்கணக்குல பாக்கி, பழைய ஆளுங்க பாதிப்பேரு கெளம்பியாச்சு, அவங்க கேஸும் எங்க தலையில, இதுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காந்து பேசுறது. அதுக்கு வந்த பதில்: "உனக்கு சம்பளம் வந்துச்சா வரலையான்னு பேஷண்டுக்கு என்ன தெரியப் போவுது?"

அவங்களுக்குத் தெரியுதுன்னுதான் எனக்குத் தோணுது. இதை யாராவது முறையா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களா, இல்ல இது வெறும் எங்க புலம்பலா? இந்தப் பக்கம் வேலை பாத்தவங்க, அட்மிட் ஆகி இருந்தவங்க, வீட்டு ஆளுங்க யாரா இருந்தாலும் சொல்லுங்க. "குடிகாரன் திருந்த மாட்டான்" டைப் கமெண்ட் மட்டும் வேண்டாம்.

கேள்விக்குறி2:
நீங்க வேண்டாம்னு சொன்னதைச் சொல்ல வரலை, ஆனா பக்கத்துல வரேன். மச்சினன் நாலு பேரு சேந்து வேன்ல தூக்கிப் போட்டுக் கொண்டாந்து விட்டவன்கிட்ட கவுன்சலர் என்னத்தப் பேசிக் கிழிக்க முடியும்? அவனா நெனச்சாத்தான் உண்டு. ஒரே சென்டர், ஒரே கவுன்சலர், ஒருத்தன் முழுசா இருந்து தெளிஞ்சு போறான், இன்னொருத்தன் ரெண்டாம் நாளே சுவரு ஏறிக் குதிக்குறான். அப்ப வித்தியாசம் அந்த ஆளுகிட்டதானே இருக்கு? கவுன்சலர் மேல பழி போடுறதும் தப்பு, கவுன்சலர் தனக்கு ரொம்ப முக்கியத்துவம் குடுத்துக்குறதும் தப்பு.

டெக்சாஸ் வெயில்:
நான் டல்லாஸ் பக்கம் பொது சுகாதாரத்துறையில வேலை பாக்குறேன், இந்த சப்ஜெக்ட் கொஞ்சம் படிச்சிருக்கேன். கேள்விக்குறி கேட்டது நல்ல கேள்வி, ஆனா அதைத் திருப்பிப் போட்டு 1988லயே ஒரு பேப்பர் வந்தாச்சு. ஃபிலடெல்ஃபியாவுல முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி, ஹெராயின் பழக்கத்துக்கு மெதடோன் (ஹெராயினுக்குப் பதிலா டாக்டர் மேற்பார்வையில குடுக்குற மருந்து) குடுக்குற கிளினிக். ரெண்டு கவுன்சலருங்க வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்க. அவங்ககிட்ட இருந்த 62 பேஷண்டுகளை மிச்சமிருந்த நாலு கவுன்சலருங்களுக்குப் பிரிச்சுக் குடுக்க வேண்டியதாப் போச்சு. எந்த ஆளு யாருக்கு ஒத்து வரும்னெல்லாம் பொறுக்கிப் பிரிக்கலை. தாமஸ் மெக்லெலனும் அவரோட டீமும் இதை அப்படியே புடிச்சுக்கிட்டு என்ன ஆவுதுன்னு பாத்தாங்க. அதே பில்டிங், அதே மருந்து, அதே ரூல்ஸ். ஒரு கவுன்சலர்கிட்ட போனவங்களுக்குப் போதை குறைஞ்சுது, மெதடோன் டோஸையே இறக்க முடிஞ்சுது. இன்னொருத்தர்கிட்ட போனவங்களுக்கு நெலமை மோசமாயி டோஸும் ஏறுச்சு. ஏன்னு தோண்டிப் பாத்தா, நல்லாப் பண்ணவங்க ஒவ்வொரு ஆளுக்கும் என்ன பண்ணப் போறோம்னு ஃபைல்ல தெளிவா எழுதியிருக்காங்க, அடிக்கடி கூப்ட்டுப் பாத்திருக்காங்க. ஆகவே ஆளுக்கு ஆளு வித்தியாசம் இருக்குறது பேஷண்டுகிட்ட மட்டும் இல்ல ப்ரோ, மேசைக்கு அந்தப் பக்கமும் இருக்கு.

இப்ப வைகைக்கரை கேட்ட கேள்வி. நான் இருக்குற ஊருக்குப் பக்கத்துலயே, ஃபோர்ட் வொர்த்ல டெக்சாஸ் கிறிஸ்டியன் யூனிவர்சிட்டி, அங்க டுவேன் சிம்ப்சன்னு ஒருத்தர் டீம் வருஷக்கணக்கா இதையே வேலையா வச்சிருந்தாங்க. 2007ல வந்த ஒரு ஆய்வுல 9 மாநிலத்துல 163 மையத்தை எடுத்தாங்க. ஸ்டாஃபுக்கு ஒரு ஃபார்ம், கிளையன்டுக்குத் தனியா வேற ஒரு ஃபார்ம். ஸ்டாஃப்கிட்ட கேட்டது என்னன்னா, இங்க வேலைக்கு ஆளு போதுமா, ட்ரெய்னிங் கிடைக்குதா, இந்த இடத்தோட நோக்கம் என்னன்னு உங்களுக்கே தெளிவா இருக்கா, ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப் போறீங்களா, மேல சொன்னா கேக்குறாங்களா, டென்ஷன் எவ்ளோ. கிளையன்ட்கிட்ட கேட்டது, கவுன்சலர்கிட்ட மனசு ஒட்டுதா, சிகிச்சை திருப்தியா இருக்கா, நீங்களா பங்கெடுக்குறீங்களா. ரெண்டையும் சேத்துப் பாத்தா, ஸ்டாஃப் தங்க இடத்தைப் பத்தி நல்லா எழுதின மையத்துலதான் கிளையன்டும் ஒட்டுதலா இருந்தாங்க. ஆள்பத்தாக்குறை, ட்ரெய்னிங் இல்ல, தன் திறமை மேலயே நம்பிக்கை இல்லன்னு ஸ்டாஃப் எழுதின எடத்துல கிளையன்ட் ஸ்கோரும் கீழ. கிளையன்டுங்க யாருக்கும் அந்த ஸ்டாஃப் ஃபார்ம்ல என்ன இருக்குன்னே தெரியாது. ஆக உங்க மேனேஜ்மெண்டுக்கு பதில் இருக்கு.

தெளிஞ்சவன்:
எங்களுக்குத் தெரியாதா? அடப் போங்க சார். உள்ள இருக்குறவனுக்கு வேற வேலை என்ன இருக்கு? ஃபோனு இல்ல, டிவி சாயங்காலம் ஒரு மணி நேரம், மிச்ச நேரம் பூரா உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருப்போம். எந்த கவுன்சலருக்கும் டாக்டருக்கும் ஆவாது, எந்த வார்டு பாய் சமையல்கார அக்காகிட்ட எரிஞ்சு விழுறான், யாரு நோட்டீஸ் பீரியட்ல இருக்கா, எல்லாம் எங்களுக்குத் தெரியும். டூட்டி ரூம் கதவு சாத்தியிருந்தாலும் மேல வென்டிலேட்டர் தெறந்துதானே இருக்கு, சத்தம் அப்படியே ஹாலுக்கு வரும். ஒருத்தன் காதை வச்சுக் கேட்டுட்டு வந்து மத்தவனுக்கெல்லாம் நியூஸ் வாசிப்பான். நம்ம சம்பளத்துக்கே வழியில்லாத ஆளு நம்ம வாழ்க்கையச் சரி பண்றானாம்னு சிரிப்போம். அந்தச் சிரிப்போட போய் குரூப்ல உக்காந்தா எவனுக்கு வாய் வரும்?

நான் ரெண்டு எடத்துல இருந்திருக்கேன். மொத எடம் தனியார். போன அன்னைக்கே மொட்டை போட்டாங்க. பேண்ட் சட்டையப் புடுங்கிட்டு ஒரு பச்சை கலர் உடுப்பு. வார்டு பாய்ங்க எல்லாம் எங்களை மாதிரியே குடிச்சு நிறுத்தின ஆளுங்கதான், ஆனா அதிகாரம் கையில வந்த உடனே "டேய் எந்திரி"தான். கவுன்சலர்னு ஒரு பொண்ணு, பாவம் காலேஜ் முடிச்ச கையோட வந்துருக்கும் போல, எங்க எல்லாருக்கும் அது ஒண்ணுதான். என் பேரையே தப்பாச் சொல்லும். அது முன்னாடி ஒரு ஃபார்ம் இருக்கும், வயசு என்ன எப்ப ஆரம்பிச்சீங்கன்னு கேட்டு எழுதும், தலையத் தூக்காது. வெளிய வந்த அன்னைக்கு சாயங்காலமே கடைக்குப் போனேன், மறைக்க என்ன இருக்கு.

ரெண்டாவது எடம் சின்னது, வீடு மாதிரி. அங்க பெருசா ஒண்ணும் வித்தை இல்ல. கவுன்சலர் சார் பேசும்போது ஃபோனைக் கவுத்து வச்சுருவாரு. நேத்து நான் தங்கச்சி கல்யாணத்தைப் பத்தி பாதியில விட்டிருந்தா, இன்னைக்கு அங்கருந்தே ஆரம்பிப்பாரு. வார்டு பாய் அண்ணன் அவரை ஏதோ கிண்டல் பண்ணுவாரு, இவரும் திருப்பி விடுவாரு, எல்லாரும் ஒரே பானை டீயைத்தான் குடிப்பாங்க. அங்க இருந்தப்பவும் ஓடிரலாம்னு நெனைச்சிருக்கேன். ஆனா ஓடுனா அந்த ஆளுகிட்ட சொல்லிட்டுத்தான் ஓடணும்னு இருந்துச்சு, சொல்லப் போனா உக்கார வச்சுப் பேசி விட்டுருவாரு. இப்ப அஞ்சாறு வருஷம் ஆச்சு, குடிக்குறது இல்ல.

ஓய்வில்லா நர்ஸ்:
தெளிஞ்சவன் அண்ணா சொன்ன மொட்டை, யூனிஃபார்ம் ரெண்டுமே சட்டப்படி தப்பு, நிறைய பேருக்குத் தெரியறது இல்ல. 2017 மனநல பராமரிப்புச் சட்டம் குடிநோய், போதை நோய் சிகிச்சைக்கும் பொருந்தும். அதுல 20ஆவது பிரிவுல கட்டாயப்படுத்தி மொட்டை போடக் கூடாது, சொந்தத் துணி போட்டுக்க விருப்பப்பட்டா விடணும்னு அப்படியே எழுதியிருக்கு. சங்கிலி போடறது 95ஆவது பிரிவுல தடை. சென்டர் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கணும். வீட்டு ஆளுங்க சேக்கறதுக்கு முன்னாடி அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்க.

நான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மனநல வார்டுல இருக்கேன். எல்லாரும் கவுன்சலர் கவுன்சலர்னு பேசறீங்க, சரி. ஆனா முதல் நாலஞ்சு நாள் யாரு பேச்சும் ஏறாது. வித்ட்ராயல்ல, அதாவது குடியை நிறுத்தின உடனே உடம்பு படற பாட்டுல இருக்கறவங்களுக்கு ஃபிட்ஸ் வரலாம், ரெண்டு மூணு நாள் கழிச்சு குழப்பம் வந்து இல்லாத பாம்பு பூச்சி எல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். அப்ப சரியான டோஸ்ல மாத்திரை, தயமின் (வைட்டமின் பி1) ஊசி, தண்ணி, தூக்கம் இதுதான் கவுன்சலிங். இதை அரைகுறையாப் பண்ணிட்டு "ஆளு ஒட்ட மாட்டேங்கறான்"னு சொல்லக் கூடாது. தூக்கம் வராம தவிக்கற ஆளு ஓடத்தான் பாப்பான். சில தனியார் இடத்துல டாக்டரே வாரத்துக்கு ஒரு தடவைதான் வராரு. அங்க கவுன்சலர் எவ்ளோ நல்லவரா இருந்து என்ன?

அடுத்தது நைட் டியூட்டி. ஓடிப் போகணும்னு தோணறது பெரும்பாலும் ராத்திரிதான். கவுன்சலர் சாயங்காலம் கிளம்பிடுவாங்க. பகல்ல அவங்க ரெண்டு மணி நேரம் பேசிக் கட்டினதை ராத்திரி ஒரு வார்டு பாய் "படுடா பேசாம"ன்னு ஒரே வார்த்தையில கலைச்சுடுவான். ஸ்டாஃப் ட்ரெய்னிங்னா ஏன் கவுன்சலரை மட்டும் அனுப்பறாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல, எங்க வார்டுல துப்புரவு வேலை செய்யற அம்மாகிட்டதான் பாதி பேஷண்ட் மனசு விட்டுப் பேசறாங்க.

கேள்விக்குறி2:
ரைட்டு, கொஞ்சம் ஏத்துக்கறேன். ஆனா ஒரு டவுட். எல்லாரும் அன்பு பாசம்னு போறீங்க. இவனுங்க பொய் சொல்றதுல பிஎச்டி வாங்கினவனுங்க (எங்க வீட்லயே ஒருத்தர் இருந்தாரு, அந்த உரிமையிலதான் சொல்றேன்). "நீ குடிகாரன், குடும்பத்தை நாசம் பண்ணிட்ட"ன்னு மூஞ்சிக்கு நேரா போட்டு ஒடைச்சாத்தானே உறைக்கும்? கண்டிப்பான இடத்துலதான் ஆளு திருந்துவான்னு எங்க பெரியப்பா அடிச்சு சொல்லுவாரு.

டெக்சாஸ் வெயில்:
உங்க பெரியப்பா மட்டும் இல்ல, அமெரிக்காவே ரொம்ப காலம் அப்படித்தான் நம்புச்சு. 1958ல கலிஃபோர்னியா சாண்டா மோனிக்காவுல சினனான்னு ஒரு அமைப்பு, சார்லஸ் டெடரிக்னு ஒரு முன்னாள் குடிநோயாளி ஆரம்பிச்சது. சுத்தி உக்காந்து ஒருத்தனை நடுவுல வச்சு வாய்க்கு வந்தபடி எல்லாரும் கிழிப்பாங்க, அதுதான் சிகிச்சை. அந்த முறை பல மையங்களுக்குப் பரவுச்சு. சினனான் கடைசியில ஒரு வன்முறைக் கூட்டமா மாறி மூடுனது தனிக்கதை.

உறைக்குமாங்கறதை வில்லியம் மில்லர்னு நியூ மெக்சிகோ யூனிவர்சிட்டி ஆளு அளந்து பாத்தாரு. 1993ல வந்த ஆய்வு. குடிப்பிரச்சினை இருக்கறவங்களோட கவுன்சலிங் பேச்சை டேப் பண்ணி, கவுன்சலர் எவ்ளோ தடவை எதிர்த்து வாதாடுறாரு, குத்திக் காட்டுறாருன்னு எண்ணிப் பாத்தாங்க. கவுன்சலர் எவ்ளோ மோதினாரோ அவ்ளோ அதிகமா அந்த ஆளு ஒரு வருஷம் கழிச்சு குடிச்சுக்கிட்டு இருந்தாரு. அதுக்கு முன்னாடியே 1980ல ஒரு சின்ன ஆய்வு, ஒன்பதே கவுன்சலருங்கதான், எல்லாருக்கும் ஒரே ட்ரெய்னிங். யாரு கிளையன்ட் சொல்றதை உள்வாங்கிக் கேக்குறாங்கன்னு மேற்பார்வையாளருங்க பாத்து வரிசைப்படுத்தினாங்க. ஆறு மாசம் கழிச்சு பேஷண்டுங்க எப்படி இருந்தாங்கங்கறதுல இருந்த வித்தியாசத்துல மூணுல ரெண்டு பங்கு அந்த வரிசையோட ஒத்துப் போச்சு. ஒன்பது பேரை வச்சு ரொம்ப ஆட்டம் போடக் கூடாதுதான், ஆனா மில்லர் பின்னாடி உருவாக்கின மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் (மோதாம, மாறணும்ங்கற காரணத்தை அந்த ஆளு வாயாலயே வரவைக்குற பேச்சு) முறைக்கு இதெல்லாம்தான் அடித்தளம்.

இன்னொண்ணு கவனிங்க. சம்பளம் வராம, தூக்கம் இல்லாம, மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு உள்ள வர்ற கவுன்சலர்கிட்ட முதல்ல காணாமப் போறது பொறுமைதான். பொய்யைக் கேட்டுட்டு சும்மா இருக்கறதுக்குத் தெம்பு வேணும். அது இல்லாதப்ப மோதத்தான் தோணும்.

ஈரோட்டுக்காரி:
வணக்கமுங்க. நான் பேஷண்ட் வீட்டு ஆளு. எங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டிட்டு இருந்தாருங்க, குடியில வேலை போயி, நானே ரெண்டு தடவை சேத்திருக்கேன். மொத தடவை நல்லா இருந்தாரு. அங்க ஒரு மேடம் இருந்தாங்க, அவங்ககிட்ட அவரு சின்ன வயசுல நடந்த ஒரு விஷயம் சொல்லியிருக்காரு, எங்கிட்டயே கல்யாணமாகி அத்தனை வருஷம் சொல்லாதது. அது என்னன்னு இங்க எழுத வேண்டாமுங்க. மூணாவது வாரம் நான் ஃபேமிலி மீட்டிங்குக்குப் போறேன், அந்த மேடம் இல்லைங்க. வேலையை விட்டுட்டாங்களாம். யாரும் இவருகிட்ட முன்னாடி சொல்லவே இல்லை. புதுசா ஒரு சார் வந்து உக்காந்து, "சரி, உங்க பேரு என்ன, எத்தனை வருஷமா குடிக்கறீங்க"ன்னு மொதல்ல இருந்து கேட்டிருக்காரு. இவரு எந்திரிச்சு வந்துட்டாருங்க. "மறுபடி மறுபடி அவுத்துக் காட்டறதுக்கு நான் என்ன பொருட்காட்சியா"ன்னு கேட்டாரு எங்கிட்ட. அன்னைக்கே கையெழுத்து போட்டுக் கூட்டிட்டு வந்தேன், வந்து குடி முன்னைக்கு மேல ஆயிருச்சு.

அந்த மேடத்து மேல எனக்குக் கோவம் இல்லைங்க. அவங்களுக்கும் குடும்பம் இருக்கும், நல்ல வேலை கெடைச்சாப் போகத்தான் வேணும். ஆனா போறதுக்கு முன்னாடி அந்தப் புது சாரைக் கூட உக்கார வச்சு, "இவருகிட்ட நம்பிப் பேசுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?

ரெண்டாவது தடவை சேத்த எடத்துல வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறமும் வாராவாரம் ஃபோன் வருமுங்க, அதே ஆளுகிட்ட இருந்து. "சாப்பிட்டீங்களா, தூக்கம் எப்படி"ன்னுதான் கேப்பாங்க, குடிச்சீங்களான்னு கேக்கவே மாட்டாங்க. நடுவுல ஒரு தடவை தவறிக் குடிச்சாரு, அவரே ஃபோன்ல சொல்லிட்டாரு. நாளைக்கு வாங்கன்னு கூப்ட்டாங்க, போனாருங்க.

மேசைக்கு அந்தப் பக்கம்:
எல்லாரும் மேனேஜ்மெண்ட்டை ஒரு பிடி பிடிச்சாச்சு, நான் ஒரு சின்ன டிரஸ்ட் சார்பா சென்டர் நடத்துறவன், என் பக்கத்தையும் கேளுங்க. கிராண்ட் எங்களுக்கு வர்றதே லேட், வந்தாதான் சம்பளம் போட முடியும், கைக்காசு போட்டு எத்தனை மாசம் ஓட்டுறது? இன்ஸ்பெக்‌ஷன் வந்தா அவங்க பாக்குறது அட்மிஷன் ரெஜிஸ்டர், மருந்து ஸ்டாக், அட்டெண்டன்ஸ், கேஸ் ஷீட்ல கையெழுத்து இருக்கா. பேஷண்டுக்கு மனசு ஒட்டுச்சான்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல. எதைக் கேக்குறாங்களோ அதைத்தான் நாங்களும் ஸ்டாஃப்கிட்ட கேக்குறோம். கவுன்சலர் பேஷண்ட்கிட்ட உக்கார வேண்டிய நேரத்துல ரெஜிஸ்டர் எழுதிக்கிட்டு இருக்காருன்னா அதுக்கு நான் மட்டும் காரணம் இல்ல. நம்ம நாட்டு கணக்கையே பாருங்க, 2019ல வெளியான எய்ம்ஸ் தேசிய சர்வேல குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைச்சிருக்கு. இருக்குற சென்டரையும் இழுத்து மூடிட்டா?

டெக்சாஸ் சாருக்கு ஒரு கேள்வி. ஸ்டாஃப் சந்தோஷமா இருக்குற இடத்துல கிளையன்ட் ஒட்டுறாங்கன்னு சொல்றீங்க. ஏன் தலைகீழா இருக்கக் கூடாது? நல்லா ஒத்துழைக்குற பேஷண்ட் வர்ற இடத்துல ஸ்டாஃப் தானா சந்தோஷமாத்தான் இருப்பாங்க. போலீஸ், கோர்ட்டு அனுப்புற ஆளுங்களையும் மாத்திரை போதைப் பசங்களையும் வச்சுக்கிட்டு இருக்குற இடத்துல எவன் சிரிப்பான்?

டெக்சாஸ் வெயில்:
சார், மடக்கிட்டீங்க. அந்த 2007 ஆய்வு ஒரே காலகட்டத்துல எடுத்த படம், எது முன்னாடி எது பின்னாடின்னு அதை மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் ஓடும்னுதான் நானும் நினைக்குறேன், ஓடிப்போற பேஷண்ட் ஸ்டாஃபை சோர்வாக்கும், சோர்ந்த ஸ்டாஃப் அடுத்த பேஷண்டை ஓட வைக்கும். ஆனா அந்த வட்டத்தை எங்க உடைக்கலாம்னா ஸ்டாஃப் பக்கத்துலதான், பேஷண்டைப் பொறுக்கி எடுக்க முடியாதுல்ல.

உடைச்சுப் பாத்த ஒரு முயற்சி இருக்கு. விஸ்கான்சின் யூனிவர்சிட்டில டேவிட் கஸ்டாஃப்சன்னு ஒரு இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர், அவரு தலைமையில 2003 வாக்குல நயாடெக்ஸ்னு ஒரு திட்டம். புது சிகிச்சை எதுவும் கண்டுபிடிக்கலை, கவுன்சலருக்கு அறிவுரையும் சொல்லலை. முதல் வேலையே, மையத்தோட மேலாளர் தானே பேஷண்ட் மாதிரி வேஷம் போட்டு ஃபோன் பண்ணி அப்பாயின்ட்மெண்ட் கேக்கணும், வரிசையில உக்காரணும், எல்லா ஃபார்மும் ஃபில் பண்ணணும். பல பேரு அதுலயே ஆடிப் போயிட்டாங்க, ஃபோனையே யாரும் எடுக்கலை, ஒரே கேள்வியை மூணு பேரு மூணு ஃபார்ம்ல கேக்குறாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா சின்னச் சின்னதா மாத்துனாங்க. முதல் ஃபோன்ல இருந்து சிகிச்சை தொடங்கற வரைக்கும் சராசரி 19.6 நாள் ஆனது 12.4 நாளாக் குறைஞ்சுது. முதல் செஷனுக்கு வந்தவங்கள்ல ரெண்டாவதுக்கும் வந்தவங்க 72 சதவீதத்துல இருந்து 85 ஆச்சு. பேஷண்ட் அதே மாதிரி ஆளுங்கதான், மாறினது இடம்.

ஈரோட்டுக்காரி அக்கா சொன்ன கவுன்சலர் மாறுறது இங்கயும் பெரிய தலைவலி. 2010ல வந்த ஒரு ஆய்வுல வருஷத்துக்கு மூணுல ஒரு கவுன்சலர் வேலையை விட்டுப் போறாங்கன்னு கண்டாங்க, அதுல பெரும்பாலானவங்க தானா போறவங்க. அமெரிக்க சம்பளத்துலயே அப்படின்னா அங்க கேக்கணுமா.

ஓய்வில்லா நர்ஸ்:
மேசைக்கு அந்தப் பக்கம் சார், ரெஜிஸ்டர் விஷயத்துல உங்க பக்கம் நான் வரேன். ஆனா சம்பளம் லேட்டாகறதை விட, லேட்டாகப் போவுதுன்னு சொல்லாம விடறதுதான் எரிச்சல். எங்க கான்ட்ராக்ட் ஸ்டாஃபுக்கு ஒரு மாசம் வரலை, சூப்பரின்டெண்ட் கூப்ட்டு உக்கார வச்சு ஃபைல் எந்த டேபிள்ல நிக்குதுன்னு சொன்னாரு. பணம் வரலைதான், ஆனா அந்த வாரம் வார்டுல சண்டை இல்ல. உங்களால கிராண்டை சீக்கிரம் கொண்டு வர முடியாது, ஒத்துக்கறேன். திங்கக்கிழமை காலையில பதினைஞ்சு நிமிஷம் எல்லாரையும் உக்கார வைக்க முடியும்ல, சமையல்காரம்மா வாட்ச்மேன் உள்பட?

தெளிஞ்சவன்:
அப்புறம் அந்த ஃபீட்பேக் ஃபார்ம். டிஸ்சார்ஜ் அன்னைக்குக் குடுப்பாங்க, கவுன்சலரே எதுத்தாப்ல உக்காந்திருப்பாரு, பையில துணியெல்லாம் கட்டி வச்சாச்சு, வெளிய மச்சான் வண்டியோட நிக்கிறான். எல்லாத்துக்கும் "மிக நன்று" டிக் அடிச்சுட்டுப் போவோம். அதை வச்சு ஒரு கணக்கும் போடாதீங்க. கேக்கணும்னா ரெண்டாவது வாரத்துல கேளுங்க, பேரு இல்லாம, பொட்டியில போடச் சொல்லி. எழுதத் தெரியாதவங்களுக்கு பழைய பேஷண்ட் யாரையாவது வச்சு கேளுங்க, ஸ்டாஃப் வேண்டாம்.

மேசைக்கு அந்தப் பக்கம்:
பொட்டி வைக்கிறது செலவில்லாத விஷயம், செய்யலாம். அந்த ஃபோன் பண்ணிப் பாக்குற வேலையை நானே என் சென்டர்ல பண்ணிப் பாக்குறேன், என் குரல் தெரியும்ங்கறதால என் தம்பியை விட்டு.

வைகைக்கரை:
இவ்ளோ பதில் எதிர்பாக்கலை, எல்லாருக்கும் நன்றி. ஈரோட்டு அக்கா எழுதினதை இன்னைக்கு எங்க டூட்டி ரூம்ல ஊரு பேரு எல்லாம் எடுத்துட்டு வாசிச்சேன், யாரும் ஒண்ணும் பேசலை. எங்க சென்டர்ல இந்த மாசம் ஒரு கவுன்சலர் கிளம்புறாரு, பேங்க் வேலை கிடைச்சிருச்சு. அவருகிட்ட இருக்குற ஆளுங்க எல்லாரும் எனக்கும் இன்னொரு மேடத்துக்கும் வர்றாங்க. அவரு கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காம இப்பவே ஒவ்வொரு பேஷண்டோடயும் மூணு பேருமா ஒரு தடவை உக்காரலாம்னு பேசி வச்சிருக்கோம், மேடமும் சரின்னுட்டாங்க. அவரு ஏன் போறாருன்னு அவரே சொல்லட்டும். ஃபைல்ல இதுவரைக்கும் பேசினது என்ன, எதைத் தொடக் கூடாது, யாருகிட்ட சண்டைன்னு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கேன், இன்ஸ்பெக்‌ஷன் ஃபார்மட்ல இல்லாம சாதாரணத் தமிழ்ல.

டெக்சாஸ் சார், அந்த 163 மையம் ஆய்வைப் பத்தி நீங்க எழுதின பாராவை மட்டும் பிரிண்ட் எடுத்து அடுத்த மீட்டிங்ல வைக்கப் போறேன். சம்பளம் அதால வராதுன்னு தெரியும்.

நர்ஸ் அக்கா, ஒண்ணு கேக்கணும். நைட் டியூட்டிக்கு எங்ககிட்ட ரெண்டே வார்டு பாய்ங்கதான், ரெண்டு பேரும் இங்கயே இருந்து தெளிஞ்சவங்க, நல்ல பசங்க, ஆனா ராத்திரி ஒருத்தன் கெளம்பணும்னு கத்துனா கதவைப் பூட்டுறதைத் தவிர என்ன பண்றதுன்னு தெரியாம நிக்குறாங்க. உங்க வார்டுல அந்த நேரத்துல என்ன செய்வீங்க?

ஓய்வில்லா நர்ஸ்:
முதல்ல பல்ஸ், பிபி, வேர்வை, கை நடுக்கம் பாக்க சொல்லுங்க. பாதி நேரம் அது வித்ட்ராயல்தான், ஆளு கோவமா இருக்கான்னு நெனைச்சுடுவாங்க. சந்தேகம்னா அந்த நேரத்துலயே டாக்டருக்கு ஃபோன் பண்ணணும், தூங்கறாருன்னு யோசிக்கக் கூடாது, நம்பர் சுவத்துல எழுதி ஒட்டியிருக்கணும். அதெல்லாம் நார்மல்னா உக்கார வச்சு சூடா ஏதாவது குடிக்கக் குடுத்து, "காலையில கவுன்சலர் வந்ததும் நீங்களே சொல்லிட்டுப் போங்க, நான் தடுக்கலை"ன்னு சொல்லச் சொல்லுங்க. வாக்குவாதம் கூடாது, ஒருத்தர் மட்டும் பேசணும், இன்னொரு பையன் தள்ளி நிக்கணும். தானா வந்து சேந்தவர் போயே தீருவேன்னா சட்டப்படி பூட்டி வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது, மனநல டாக்டர் பாத்து ஆபத்துன்னு சொன்னா மட்டும் 24 மணி நேரம் வரைக்கும் நிறுத்தி வச்சு பரிசோதிக்கலாம். காலையில கவுன்சலர் வந்த உடனே முதல்ல அந்த ஆளைத்தான் கூப்பிடணும், இது ரொம்ப முக்கியம். ராத்திரி பையன் சொன்ன வாக்கை நீங்க காலையில காப்பாத்தலைன்னா அடுத்த ராத்திரி அவன் பேச்சு எடுபடாது. வேற சந்தேகம்னா தனிச்செய்தி அனுப்புங்க, இந்த வாரம் எனக்கு நைட்டுதான்.